58 அடியில் சிக்கிய மோட்டார்: எந்தக் கேமரா எதைக் காட்டியது

பின்னணி

பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தில் நடந்தது இது. நான் அந்தப் பக்கம் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தோட்டக்காரர் எங்கள் பழைய வாடிக்கையாளர். இரண்டரை ஏக்கரில் குச்சி கட்டிய தக்காளி, சொட்டு நீர். ஊருக்குக் குடிதண்ணீர் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. விவசாயத்துக்கு மட்டும் இன்னும் போர், அதாவது ஆழ்துளைக் கிணறுதான் கதி.

போர் ஆறரை அங்குலம், மொத்த ஆழம் 850 அடி, போட்டு எட்டு வருடம். மேலே, மண் சரியாமல் தாங்க ஏழு அங்குல பி.வி.சி. கேசிங் குழாய், 20 அடி நீளத்தில் நாலு பைப். தரைக்கு மேல் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருப்பதைக் கழித்தால் கேசிங் சுமார் 78 அடியில் முடிகிறது. அதற்குக் கீழே வெறும் பாறை. மோட்டார் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் ஆறு அங்குல சப்மர்சிபிள், தண்ணீரை மேலே கொண்டுவரும் பத்தடி காலம் பைப் 66-இல் 660 அடி வாக்கில் தொங்கியது. இந்தக் கணக்குகளில் பாதி தோட்டக்காரர் நினைவிலிருந்து சொன்னவை. எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. அது பின்னால் எங்களுக்கு இரண்டு நாளைத் தின்றது.

முதலில் தெரிந்த அறிகுறிகள்

பிப்ரவரி கடைசியில் தண்ணீர் குறைந்தது. சொட்டு நீர் பில்டரைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டியதாயிற்று. நான் போன அன்று அவர் மனைவி பில்டர் தட்டுகளைப் பிரித்து வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். வாளியின் அடியில் குங்குமம் கரைத்த மாதிரி செம்மண். விரலால் தேய்த்துப் பார்த்தேன், நைசான களிமண். அதற்கு அடுத்த வாரம் ஸ்டார்ட்டர் டிரிப் ஆக ஆரம்பித்தது. ஆம்பியர் ஏறிக்கொண்டே போனது.

மோட்டாரைத் தூக்கிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். காலை ஏழு மணிக்கு லிஃப்டிங் வண்டி வந்தது. 60 பைப் ஒழுங்காக வெளியே வந்துவிட்டது. மீதி ஆறு பைப் இருக்கும்போது கம்பி விறைத்தது, வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பியது, பைப் நகரவில்லை. இன்னொரு முறை இழுத்தோம். அசையவில்லை. நான் நிறுத்தச் சொன்னேன். பைப்பை வாய்ப்பகுதியில் கிளாம்ப் போட்டு நிறுத்தினோம்.

அந்த இடத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். தோட்டக்காரர், “கல்லு சரிஞ்சிருக்கும் தம்பி” என்றார். லிஃப்டிங் வண்டிக்காரர், “ஒயரு சுருண்டு மாட்டியிருக்கும்ணா, இன்னும் ஒரு இழு இழுத்தா வந்துரும்” என்றார். எனக்குக் கேசிங் மேல்தான் சந்தேகம்.

இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. கல் என்றால் மேலும் கீழும் ஆட்டி நழுவ விடலாம். மோட்டாருக்குக் கரண்ட் போகும் ஒயர் என்றால் ஒரு பைப் அளவு இறக்கி, ஒயரைத் தனியாக இழுத்து நேராக்கிவிட்டு ஏற்றலாம். கேசிங் உடைந்திருந்தால் இழுக்கவே கூடாது. உடைசல் இன்னும் கிழிந்து, வெளியே உள்ள மண் மோட்டார் தலையில் விழும். பைப் மறை கழன்றாலோ ஒடிந்தாலோ மோட்டாரில் கட்டிய நைலான் கயிறு ஒன்றுதான் பிடிமானம். அதுவும் விட்டால் மோட்டார் ஆறு பைப்போடு அடிக்குப் போய்விடும். போரே போன மாதிரி. எந்த வைத்தியம் என்று முடிவெடுக்க, உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

கையில் இருந்த கேமராக்கள்

என் கடையில் ஒரு சின்னக் கேமரா இருந்தது. தலை ஐந்தரை மில்லிமீட்டர், ஒயர் ஐந்து மீட்டர், போனில் சொருகிப் பார்ப்பது. டிராக்டர் இன்ஜின் சிலிண்டருக்குள் பார்க்க வாங்கியது. ஐந்து மீட்டர் என்றால் பதினாறு அடி. இங்கே ஆகாது.

மறுநாள் தர்மபுரியில் கழிவுநீர் பைப் அடைப்பு எடுக்கும் ஒருவரிடம் இரவல் கேட்டோம். அவருடையது 30 மீட்டர் ஃபைபர் கம்பி, கட்டைவிரல் தடிமனில் தலை, பெட்டியில் தனித் திரை. கம்பி விறைப்பாக இருந்ததால் காலம் பைப்பை ஒட்டி நேராக இறங்கியது. 58 அடியில் மோட்டாரின் தலை வட்டமாகத் தெரிந்தது. நாங்கள் துண்டைத் திரை மேல் போர்த்தி, தலையை உள்ளே விட்டு, மாற்றி மாற்றிப் பார்த்தோம். நாற்பது நிமிடம் பார்த்தும் முடிவு இல்லை. மோட்டார் தலைக்குப் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்திருந்தது. தோட்டக்காரருக்கு அது கல். வண்டிக்காரருக்கு அது ஒயர் மடிப்பு. எனக்கு அது கேசிங். அவரவர் நினைத்ததைத்தான் அவரவர் பார்த்தோம்.

அந்தக் கேமரா கெட்ட கேமரா இல்லை. அதன் கண் நேராகக் கீழே பார்க்கிறது. குழாயின் நடுவில் நின்று கீழே பார்த்தால் சுவர் முழுவதும் ஓரப் பார்வையாகத்தான் விழும். சுவரில் கையகலம் கிழிந்திருந்தாலும் அது ஒரு கோடாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். அடைப்பு குறுக்கே கிடக்கும் கழிவுநீர் பைப்புக்கு நேர்ப் பார்வை போதும். கேசிங் சுவரைப் பார்க்க, சுவரை நேருக்கு நேர் பார்க்கும் கண் வேண்டும். அன்று இரவுதான் எனக்கு இது உறைத்தது.

எது வேண்டும் என்று முடிவு செய்தது

சேலத்துப் பக்கம் போர்வெல் கேமரா வாடகைக்கு வைத்திருப்பவரைப் போனில் பிடித்தேன். ஆயிரம் அடிக்கு மேல் கேபிள், கீழே பார்க்க ஒரு கண், சுற்றிலும் பார்க்க ஒரு கண், எத்தனை அடி என்று திரையிலேயே காட்டும். தலைக் குழாயின் விட்டம் கேட்டேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் சொன்னார். மோட்டாரின் மேற்பக்கம் வரை அது போகும். ஆனால் கேசிங்குக்கும் ஆறு அங்குல மோட்டாருக்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் கூட்டினாலும் இரண்டு சென்டிமீட்டர்தான். மோட்டாரைத் தாண்டிப் பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று அதனால் காட்ட முடியாது. தவிர, அவர் வர மூன்று நாள் ஆகும் என்றார். பூத்து நிற்கும் தக்காளி. பக்கத்துத் தோட்டக்காரர் ராத்திரி இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தேவையைத் தாளில் எழுதினேன். ஆழம் 60 அடி, ஆக 20 மீட்டர் ஒயர் வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது. பக்கக் கண் கட்டாயம். சுவர் லென்ஸிலிருந்து இரண்டு முதல் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும், அந்தத் தூரத்தில் படம் தெளிவாக விழ வேண்டும். தண்ணீரில் மூழ்க வேண்டியதில்லை, ஒழுகும் சேறு தாங்கினால் போதும்.

மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு போனேன். ஆன்லைனில் போட்டால் நாலு நாள் ஆகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்த மாதிரிக் கேமராவைக் கையில் வைத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. கடையில் கிடந்த ஏழு அங்குலக் கேசிங் துண்டு ஒன்றை ஒரு அடி நீளத்துக்கு அறுத்து, உள்பக்கம் ஆணியால் ஒரு கீறல் போட்டு, பையில் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதில் என்ன என்று கேட்டார்.

கடைக்காரர் பொறுமைசாலி. கேசிங் துண்டை மேசையில் நிறுத்தி, மேலே அட்டையால் மூடி இருட்டாக்கி, மூன்று கேமராக்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டோம். முதலாவது பெட்டியில் படத் தெளிவைச் சொல்லும் பெரிய பெரிய எண்கள் அச்சிட்டிருந்தது. ஆனால் கீறலைக் காட்டும்போது ஓரமெல்லாம் மெழுகு பூசிய மாதிரி இருந்தது. மலிவுக் கேமராக்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சென்ஸார் சிறியது, படத்தை மென்பொருள்தான் ஊதிப் பெருக்குகிறது. எண்ணைப் பார்க்காதீர்கள், கீறலைப் பாருங்கள். இரண்டாவது வைஃபையில் ஓடுவது. தலையைத் திருப்பினால் படம் ஒரு நொடி கழித்துத் திரும்பியது. ஆழத்தில் மெதுவாகத் தேடும்போது அந்த ஒரு நொடியில் இடம் தவறிவிடும். வைஃபை பெட்டிக்குத் தனியாக சார்ஜ் வேறு போட வேண்டும்.

மூன்றாவதைத்தான் வாங்கினேன். எட்டு மில்லிமீட்டர் தலை, 20 மீட்டர் ஒயர், நேர்க் கண் ஒன்று, பக்கக் கண் ஒன்று, கையடக்கத் திரை அதோடு சேர்ந்தே. பக்கக் கண்ணுக்கு ஒரே ஒரு விளக்கு, அது குறை மாதிரி தோன்றும். வெள்ளை பி.வி.சி. சுவருக்கு அதுவே அதிகம். முழு வெளிச்சத்தில் கீறல் காணாமல் போய் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்ததும் கீறல் கருப்புக் கோடாக எழுந்து வந்தது. வெளிச்சத்தைக் குறைக்கும் சக்கரம் இல்லாத கேமராவை நான் இனி வாங்க மாட்டேன்.

58 அடியில் தெரிந்தது

எட்டு மில்லிமீட்டர் ஒயர் தொளதொள என்றிருக்கும். அப்படியே விட்டால் முறுக்கிக்கொள்ளும், கண் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. அதனால் வீட்டு ஒயரிங்குக்குப் போடும் முக்கால் அங்குலக் குழாய் ஆறை ஒட்டி நீளமாக்கி, கேமராவை அதன் நுனியில் டேப் சுற்றிக் கட்டினோம். நுனி மட்டும் இரண்டு அடி வெறும் ஒயராகக் குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மோட்டார் ஓரத்து இடுக்கில் நுழைய. குழாயின் ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை சிவப்பு மார்க்கரால் கோடு. கோடு எந்தப் பக்கமோ, கண்ணும் அந்தப் பக்கம். ஐந்தைந்து அடிக்கு ஒரு டேப் சுற்று.

காலை எட்டு மணிக்கு இறக்கினோம். இருபது அடிக்குள் படம் வெள்ளையாக மூடிக்கொண்டது. கெட்டுவிட்டதோ என்று பயந்து வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீர்முத்து. மார்ச் காலைக் குளிரில் இருந்த கேமரா, போருக்குள் இருக்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்றில் வேர்க்கிறது. லென்ஸில் துளி ஷாம்பு தடவித் துடைத்துவிட்டு, பத்து அடியில் பத்து நிமிடம் தொங்க விட்டோம். அதற்கப்புறம் மூடவில்லை.

57 அடியைத் தாண்டியதும் கேசிங் பைப்புகளின் மூன்றாவது இணைப்பு வந்தது. குழாயை மெல்லத் திருப்பினேன். கிழக்கு, தெற்கு சுத்தம். மேற்கில் சுவர் முடிந்து கருப்பாக ஒரு வாய். இணைப்பின் ஓரம் பிளந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு நாக்கு உள்பக்கம் மடங்கி, மோட்டாரின் தோளில் ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருந்தது. நாக்கின் மேல் செம்மண் ஈரமாக வழிந்து, விளக்கு பட்டு மின்னியது. மண் உருண்டை ஒன்று எங்கள் கண் முன்னாலேயே கழன்று கீழே போனது. தோட்டக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்ப்பக்கம் மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே நுனியை நுழைத்துக் கீழே பார்த்தேன். மோட்டார் ஒயர் நேராகத்தான் இருந்தது. கல்லும் இல்லை.

எடுத்த முடிவுகள்

இழுப்பதில்லை என்பது முதல் முடிவு. ஒரு காலம் பைப்பைச் சேர்த்து மோட்டாரைப் பத்து அடி கீழே இறக்கி, நாக்கிலிருந்து விடுவித்தோம். அது சுலபமாக இறங்கியது.

அடுத்து, நாக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்தால்தான் மோட்டார் கடக்கும். பாலக்கோட்டில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி, இரண்டு மில்லிமீட்டர் தகட்டை மூன்றடி நீளத்துக்குக் கேசிங்கின் வளைவுக்கே வளைத்து, ஐந்து மில்லிமீட்டர் பட்டை இரும்பில் வெல்டிங் வைத்து வாங்கினோம். நாக்கு, தகடு, பட்டை மூன்றையும் கூட்டினாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். முதல் தடவை தகட்டின் கீழ் விளிம்பு நாக்கிலேயே போய் முட்டியது, கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. வெளியே எடுத்து விளிம்பைக் கொஞ்சம் உள்ளே வளைத்தோம். இரண்டாவது தடவை நாக்கு பின்னால் போய்ச் சுவரில் ஒட்டியது. செயின் பிளாக்கில் கையாலேயே, ஒரு கண்ணி ஒரு கண்ணியாக மோட்டாரை ஏற்றினோம். கடந்து வந்துவிட்டது. ஒயர் ஓரிடத்தில் சிராய்த்து செம்புக் கம்பி தெரிந்தது, அங்கே வெட்டி ஜாயின்ட் போட்டேன்.

மோட்டார் வெளியே வந்த நிமிடமே போர் வாயை இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு மூடினோம். பழுது பார்க்க மோட்டாரைக் கழற்றும்போது குழாய்க் கிணற்றைத் திறந்து விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் வகுத்த நெறிமுறையிலேயே இருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் போருக்குள் விழுந்த ஒரு குழந்தையை இழந்தோம். அதற்குப் பிறகும் சாக்கு போட்டு மூடிய போர்களை நான் பார்க்கிறேன். சாக்கு மூடி ஆகாது. தயவு செய்து வேண்டாம்.

அடியில் எவ்வளவு மண் சேர்ந்திருக்கிறது என்று அடுத்த கேள்வி. என் கடைப் பையன், “நம்ம கேமராவையே நீளமா ஒயர் போட்டு விடலாமாண்ணா?” என்றான். விட முடியாது. அது நீர் புகாத் தன்மைக்கான தரக் குறியில் ஐ.பி.67, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதற்குப் பொருள். 33 அடித் தண்ணீருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம். முந்நூறு நானூறு அடித் தண்ணீருக்கு அடியில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ அழுத்தும். சேலத்துக்காரரையே வரவழைத்தோம்.

அவர் வந்த முதல் நாள் வீண். தண்ணீர் மட்டம் 410 அடியில் இருந்தது, அதற்குக் கீழே திரை முழுக்கப் பழுப்பு. மோட்டாரை ஏற்றி இறக்கியதில் மண் கலங்கியிருந்தது. எவ்வளவு விலைக் கேமராவானாலும் கலங்கல் தண்ணீரில் ஒன்றும் காட்டாது, விளக்கு வெளிச்சம் மண் துகளில் பட்டுத் திரும்பி வருவதுதான் தெரியும். நாலு நாள் கழித்து அவரே மறுபடி வந்தார், பாதி வாடகைதான் வாங்கினார். இந்த முறை பாறை வெடிப்புகள் தெரிந்தன. 772 அடியில் மண் மேடு. 850 அடி போரில் 78 அடி தூர்ந்திருந்தது.

உடனே கம்ப்ரசர் வைத்து பிளஷிங் செய்யலாம், அதாவது காற்றடித்து அடி மண்ணை வெளியேற்றலாம் என்று தோட்டக்காரர் சொன்னார். நான் தடுத்தேன். உடைந்த இணைப்பு அப்படியே இருக்கும்போது காற்றடித்தால் 58 அடியில் மண் மொத்தமாகச் சரியும். முதலில் ஐந்து அங்குலக் கேசிங்கை உள்ளே 100 அடிக்கு இறக்கினோம். பாறைக்குள் நிற்கும் அடி நுனியில் ரப்பர் வளையம். மேலே கிளாம்ப். பிறகுதான் பிளஷிங்.

பிறகு நடந்தது

ஐந்து அங்குலக் கேசிங்குக்குள் பழைய ஆறு அங்குல மோட்டார் போகாது. நாலு அங்குல மோட்டார் புதிதாக வாங்க வேண்டியிருந்தது, அது அவருக்குப் பெரிய செலவு. தண்ணீரும் முன்பை விடக் குறைவு. இரண்டரை ஏக்கரையும் ஒரே நேரத்தில் பாய்ச்ச முடியவில்லை, மூன்று பாத்தியாகப் பிரித்து முறை வைத்துப் பாய்ச்சுகிறார். ஆனால் புதுப் போர் போட்டிருந்தால் தண்ணீர் கிடைக்குமா என்பதே இந்த மண்ணில் யாராலும் சொல்ல முடியாத விஷயம். மோட்டார் சிக்கிய நாளிலிருந்து மறுபடி தண்ணீர் வர 16 நாள் ஆயிற்று. தக்காளியில் முதல் காய்ப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. அடுத்த காய்ப்பு வந்தது.

திரும்பவும் வந்தால் எதை மாற்றுவேன்

அந்த வாளியில் கண்ட செம்மண்ணே எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். இந்தப் போரில் 78 அடிக்குக் கீழே பாறை. பாறையிலிருந்து மாவு வரும், பொடிக்கல் வரும், செம்மண் வருவது அரிது. ஆக ஓட்டை மேல் 78 அடிக்குள்தான் என்று முதல் நாளே முடிவுக்கு வந்திருக்கலாம். அந்த ஆழத்தில் தண்ணீரும் இல்லை. இருபது, இருபத்தைந்து மீட்டர் ஒயரும் பக்கக் கண்ணும் உள்ள சாதாரணக் கேமராவே போதும் என்று அப்போதே தெரிந்திருக்கும். மோட்டாரைத் தூக்குவதற்கு முன்னால், லிஃப்டிங் வண்டியைக் கூப்பிடுவதற்கு முன்னால் உள்ளே பார்த்திருப்போம். இரண்டு முறை இழுத்ததில்தான் அந்த நாக்கு மடங்கி இறுகியது என்று நினைக்கிறேன். அது என் தவறு.

இப்போது தண்ணீரில் செம்மண் வருகிறது என்று யார் சொன்னாலும், மோட்டாரைத் தொடுவதற்கு முன் அந்த 20 மீட்டர் கேமராவைக் குழாயில் கட்டி இறக்குகிறேன். 20 மீட்டர் போதாத இடங்களும் வந்துவிட்டன. கேசிங் 100 அடி, 120 அடி போட்ட போர்கள் ராயக்கோட்டைப் பக்கம் இருக்கின்றன. மறுபடி வாங்கினால் பக்கக் கண்ணோடு 40 மீட்டர் கிடைக்கிறதா என்று முதலில் தேடுவேன். ஆழக் கேமராவைச் சொந்தமாக வாங்க மாட்டேன். வருடத்தில் நாலைந்து தடவைக்கு மேல் எனக்குத் தேவைப்படாது, சேலத்துக்காரர் அதிலேயே ஊறினவர், திரையைப் பார்த்தவுடன் வெடிப்பு எது நிழல் எது என்று சொல்கிறார்.

தோட்டக்காரர் ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவு உள்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறார்: கேசிங் 78, ஜாயின்ட் 18, 38, 58, உள் கேசிங் 100, தண்ணீர் 410. கடைசி எண்ணை மட்டும் ஒவ்வொரு கோடையிலும் அழித்து மாற்றி எழுதுகிறார்.